பத்து மணிக்கு மூடுகிற கதவு

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

ஹோர்ட்டன் சமவெளியின் செங்குத்துப் பாறை விளிம்பான உலக முடிவுக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, அங்கே போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் மட்டும்? பாதிக் கை இறங்கிவிட்டதே!

ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலே வரும், வரவரக் குளிர்ந்து மூட்டமாகும். பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில் நின்றுகொண்டு போட்டோவுக்காக ஓரடி பின்னால் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணிப் பாருங்கள்; மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீற்றர்தான். உச்சியிலோ தனிமரத்தடியிலோ நிற்காமல் இறங்கிவிடுங்கள்.

என் கதை ஒன்று. யாத்திரைப் பருவகாலம் முடிந்தபின் நானும் ஒரு கூட்டாளியும் சிவனொளிபாதமலை ஏறினோம். இருவருக்கும் ஜீன்ஸ், பருத்திச் சட்டை. புறப்படும்போது அம்மா, தான் கொழுந்தெடுக்கும்போது நனையாமலிருக்கக் கட்டுகிற படங்கை நீட்டினார். சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். பாதி வழியில் மழை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை குறையும். நனைந்த துணியில் காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். கூட்டாளிக்கு முதலில் நடுக்கம். அப்புறம் பேச்சுக் குழறியது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை. அவனோ, "ஒண்ணுமில்லடா, மேல போவோம்" என்கிறான்! குளிர் உடம்புக்குள் இறங்கினால் புத்தியும் மந்தமாகும். ஈரச்சட்டையைக் கழற்றி, என் பையிலிருந்த காய்ந்த சாரத்தைச் சுற்றி, மேலே அந்தப் படங்கைப் போர்த்தி, இனிப்புத் தேத்தண்ணி கொடுத்து, கீழே கூட்டிவந்தேன். உச்சி பார்க்கவில்லை.

ஓடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தலைக்குமேல் வெயில் அடிக்கலாம், மேல்மலையில் மழை கொட்டலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்துவந்தால் காலை வைக்காதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, இல்லாத இடத்தில் கலங்கிய ஊற்று இருந்தாலும் அங்கே நிற்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு லயன்களை மூடிய மீரியபெத்தைத் தோட்டத்தை நம்மவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அட்டைக்கடிக்கா? காலுறையில் சவர்க்காரம் பூசுங்கள், போதும்.

ஞாயிற்றுக்கிழமை போகிற குழு எது? எத்தனை மணிக்கு உச்சிக்குப் போவீர்கள் என்று நான் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? அதை வீட்டில் எழுதிவைத்தீர்களா?