சோப்புப் பெட்டியும் ஒன்பதாம் வளைவும்

நடுவர் அவர்களே, கோபிச்செட்டிபாளையத்துப் பெரியோர்களே, வணக்கமுங்க. இளம்பெண்களின் நட்பைச் சோதித்துக் காட்டுவது கல்லூரி விடுதியா, சேர்ந்து போகும் பயணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயணம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி ரொம்ப உருக்கமாகப் பேசினார். ஒரே வாளி, ஒரே மெஸ் சாம்பார், மூன்று வருடம் ஒரே அறை, இரண்டு நாள் ஊர் சுற்றினால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்றார். கூடவே ஒரு குறளும் சொன்னார்: ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்.’ ஏனுங்க அம்மிணி, கூடவே இருந்து பழக வேண்டியதில்லை என்று சொல்கிற குறள் முதலில் யாருடைய கட்சியைக் கவிழ்க்கிறது? உங்கள் விடுதியைத்தானே! அடுத்த அதிகாரமே நட்பாராய்தல். அங்கே வள்ளுவர், கேடு வந்தால் அதிலும் ஒரு நன்மை உண்டு, அதுதான் உறவை நீட்டி அளக்கும் கோல் என்கிறார். விடுதியில் என்ன கேடு வந்துவிடும்? மோட்டார் ஓடாமல் போகும், தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடைசிப் பரீட்சை முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் வால்பாறைக்குக் கிளம்பினோம். வீட்டில் சொன்னது, கோயமுத்தூரில் புராஜெக்ட் வேலை. எங்களில் தலைவி மாதிரி இருந்தவள் அண்ணன் காரை எடுத்து வந்தாள். என் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் ‘நீதான் என் உசுரு’ என்று எழுதியவள் அவள்தான். இன்னொருத்தி பேசவே மாட்டாள். மூன்று வருடத்தில் தன் சோப்புப் பெட்டியை யாரும் தொட விட்டதில்லை. கஞ்சம் என்றே முடிவு செய்திருந்தோம்.

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஏழாவது பலகையைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் நான் காலையில் தின்ற இட்லியைத்தான் பார்த்தேன். என் ‘உசுரு’ திரும்பிப் பார்த்து, “ஏய், அண்ணன் வண்டிடி, சீட்டு!” என்று கத்தினாள். சோப்புப் பெட்டிக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் கிடந்த துப்பட்டாவை உருவி என் வாயைத் துடைத்துவிட்டாள். புதுத் துப்பட்டாங்க. (ஓட்டிக்கொண்டிருந்தவள் கை அந்த வளைவில் நடுங்கியதை நான் வெகுநாள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன். அதையும் சொல்லாவிட்டால் தப்பு.)

ஒன்பதாம் வளைவில் இறங்கினோம். கீழே ஆழியாறு அணை தெரியும், எல்லாரும் படம் பிடிக்கிற இடம். அந்த மலையில் சிக்னல் வரும், போகும். அன்றைக்குப் பார்த்து வந்தது. அழைத்தது தலைவியின் அம்மா, என் போனுக்கு. “கண்ணு, என்ற புள்ள போனை எடுக்க மாட்டேங்கறா. அம்மாயிக்கு மேலுக்குச் சொகமில்ல. எங்க இருக்கீங்க?”

எதிரே நின்று அவள் கண்ணாலேயே கெஞ்சுகிறாள். என்ன சொல்வீர்கள் நீங்கள்? எனக்குப் பொய் வரவில்லை. “வால்பாறை ரோட்டுல இருக்கறமுங்கம்மா” என்று சொல்லிவிட்டேன்.

“காட்டிக் கொடுத்துட்டயில்ல?” என்றாள். அதன்பிறகு 31 வளைவுக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வால்பாறையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அப்படியே திரும்பினோம். இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும், “பாருங்கள், பயணம் நட்பைக் கெடுத்தது” என்று. நட்பை வளர்ப்பது எது என்றா தலைப்பு? சோதிப்பது எது என்றுதானுங்க!

பாட்டன் காலத்துச் சாட்சியும் உண்டு. கண்ணகிக்குப் புகாரில் தேவந்தி என்றொரு தோழி. குளத்தில் மூழ்கிக் காமனைத் தொழு, கணவன் வருவான் என்று யோசனை சொன்னாள். மதுரை வரைக்கும் கூடவே நடந்து வந்தது வழியில் கிடைத்த கவுந்தியடிகள். கண்ணகிக்கு நேர்ந்ததைக் கேட்டு உண்ணாமலிருந்து உயிரையே விட்டார். தேவந்தியும் பிற்பாடு சேர நாட்டுக்கு வந்து அழுதாளே என்பீர்கள். வந்தாள், அவளும் ஊரைவிட்டுக் கிளம்பித்தான் வந்தாள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரு நிமிடம். இரண்டு மாதம் கழித்து அவளே வீட்டுக்கு வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். அவள் அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “அன்னிக்கு நெசத்தச் சொன்னாளே, அந்தப் புள்ள கூடப் போறதுன்னா போ.”

“உன்னாலதான்டி திட்டு வாங்குனேன், இப்ப உன்னாலதான் அனுப்பறாங்க” என்று சொல்லிவிட்டு அழுதாள். போனோம். ஈரோட்டிலிருந்து ரயிலில். வண்டியை அவள் கையில் கொடுக்க நான் தயாராக இல்லைங்க. நன்றி, வணக்கம்.