விம்பிள்டனின் இன்னொரு மைதானம்

வணக்கம் நேயர்களே. விம்பிள்டன் என்றதும் பலருக்கும் டென்னிஸ் நினைவுக்கு வரும். லண்டன் தமிழர்களுக்கு எஃப்ரா ரோடு பிள்ளையார் கோயிலும் சேர்ந்து வரும். அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பிளவ் லேனில், ஏறக்குறைய 89 ஆண்டுகள் ஒரு பந்தய மைதானம் இருந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1928 மே மாதம் அங்கே கிரேஹவுண்ட் பந்தயம் தொடங்கியது. தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயலை ஆறு நாய்கள் துரத்தும். அதே மாதம் ஸ்பீட்வே என்ற மண் தடத்து மோட்டார் சைக்கிள் பந்தயமும் வந்துவிட்டது. அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று, அவ்வளவுதான் பந்தயம். வளைவு வந்தால் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் வைத்துத் திருப்புவார்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டிய இரும்புத் தகடு மண்ணை உரசிக்கொண்டே போகும். எஞ்சினுக்கு ஊற்றுவது ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில். ஆமாம், நம் பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். அது கருகும் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

1954 முதல் 1961 வரை எட்டு சீசன்களில் ஏழு முறை விம்பிள்டன் அணிக்குத்தான் லீக் பட்டம். அணியின் நியூசிலாந்து வீரர்கள் ரோனி மூரும் பாரி பிரிக்ஸும் அந்தக் காலத்தில் தலா இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார்கள். 1991-இல் ஸ்பீட்வே நின்றது. 2002-இல் திரும்பி வந்து, குத்தகை படியாமல் 2005-இல் ஒரேயடியாகப் போய்விட்டது.

நாய்கள் இன்னும் கொஞ்ச காலம் ஓடின. லண்டனின் ஒயிட் சிட்டி மைதானம் மூடப்பட்ட பிறகு, அங்கே நடந்துவந்த பெரிய நாய்ப் பந்தயமான இங்கிலிஷ் டெர்பி 1985 முதல் 2016 வரை இங்கேதான் நடந்தது. பந்தயத்துக்காக நாய்களை வளர்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வாரம் முழுக்க உழைத்துவிட்டுச் சனிக்கிழமை இரவு அங்கே கூடிய குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய இடம் என்பதும் எனக்குத் தெரியும். 2017 மார்ச் 25-இல் கடைசிப் பந்தயம். அடுத்த ஆண்டே இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகளும், 2020-இல் திறந்த ஏஎஃப்சி விம்பிள்டனின் கால்பந்து அரங்கமும் நிற்கின்றன.

அந்த மண்ணின் நினைவாக ஒன்றைப் பார்க்க விரும்பினால் டிரிங் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1929, 1930 இரண்டு ஆண்டும் டெர்பி வென்ற மிக் தி மில்லர், விம்பிள்டனில் பயிற்சி பெற்ற அயர்லாந்து நாய், பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் நிற்கிறது. வரிவரியான உடம்பு, மெலிந்த கால்கள். நான் நினைத்ததைவிடச் சின்ன நாய்.