லைட்டைத் தேடி வந்த நத்து

வணக்கம் நேயர்களே. வன்னியில் பொழுதுபடும் நேரம் குளக்கட்டால் போகிறவர்கள் பெரிய ஆந்தையொன்றைக் கண்டிருப்பீர்கள். மருதமரக் கிளையில், கொம்பு மாதிரி இரண்டு இறகைத் தூக்கிக்கொண்டு இருக்கும். மீன் பிடிக்கிற ஆந்தை அது. அதன் காலில் இறகு கிடையாது. விரலடியில் முள்ளுமுள்ளாகச் சொரசொரப்பு, மீன் வழுக்காமல் இருக்க. மற்ற ஆந்தைகள் பறப்பது காதில் விழாது. இது சத்தத்தோடுதான் பறக்கும். தண்ணீருக்குள் கிடக்கிற மீனுக்கு இறகுச் சத்தம் கேட்கவா போகிறது?

சரி, நான் பேச வந்தது சின்ன ஆந்தை, அதுதான் நத்து. அது கத்தினால் வீட்டில் இழவு விழும் என்பார்கள். எங்கள் அயலில் ஒரு அப்பு வருத்தமாகப் படுக்கையில் கிடந்தார். இரவிரவாக விறாந்தையில் லைட் எரிந்தது. முற்றத்து வேம்பில் நத்து. 'வக், வக்' என்று, தவளை கத்துவதுபோல, ஒரே தாளத்தில். சனம் பயந்துவிட்டது. பெடியள் கல்லெறிந்தார்கள். நான் விறாந்தையிலேயே குந்திப் பார்த்தேன். லைட்டுக்கு ஈசலும் வண்டும் வந்தன, வண்டுக்கு நத்து வந்தது. அவ்வளவுதான். மற்ற வீடுகளில் வெள்ளனவே லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். நத்து கத்தினாலும் கேட்க ஆளில்லை. வருத்தக்காரர் இருக்கிற வீட்டில்தான் லைட்டும் எரியும், ஆட்களும் முழித்திருப்பார்கள்.

நான் சொல்லி, லைட்டைக் கிணற்றடிக்கு மாற்றினார்கள். நத்தும் கிணற்றடி முருங்கைக்கு மாறியது. கிணற்றடியில் யார் சாகக் கிடந்தார், சொல்லுங்கள்! அப்பு அடுத்த காலபோக அறுவடையின் புதிர்ச் சோறும், அதுதான் புது நெல்லுச் சோறும், சாப்பிட்டார். அதைச் சொன்னாலும் சிலர் இன்னும் நம்பவில்லை. நானும் விடுவதாக இல்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். வயல்காரருக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளை முகத்துக் கூகை பொந்திலும் ஆளில்லாத கட்டடத்திலும் முட்டையிடும். அதன் சாப்பாடு பெரும்பாலும் எலி. இருப்பிடத்தின் கீழே அது கக்கிய உருண்டைகள் கிடக்கும்; பிய்த்துப் பார்த்தால் எலி மயிரும் மண்டையோடும்தான். ஆகவே, வட்டுப்போன மொட்டைப் பனையைத் தறிக்கமுன் பொந்தை ஒருக்கால் எட்டிப் பாருங்கள். எலிக்கு நஞ்சு வைத்தால், செத்த எலியைப் பொறுக்கிப் புதையுங்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்கிற கூகையும் சாகக்கூடும். வணக்கம்.