உருக்கும் முன் ஒரு படம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த அவையைக் கூட்டிய நூலகச் செயலாளர் அவர்களே, தள்ளாத வயதிலும் முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்த பொற்கொல்லர் பெருமக்களே, எனக்கு முன் நயம்படப் பேசிய பேராசிரியர் அம்மையார் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

நகையின் வரலாறு, அதன் பொருள், அதைச் செய்த கைகள் என்று மூன்றையும் பேச எண்ணி வந்தேன்.

‘பொன் வைக்கிற இடத்தில் பூ வைப்பது’ என்பார்கள். இல்லாதவருக்குச் சொல்லும் ஆறுதலாகவே இதைக் கொள்கிறோம். ஆனால் பொன் மிகவும் பிந்தி வந்தது. மொராக்கோவின் பிஸ்மூன் குகையில் கிடைத்த, அணிவதற்காகத் துளையிட்ட கடல்நத்தை ஓடுகளுக்குக் குறைந்தது 1,42,000 வயது. பல்கேரியாவின் வர்ணா இடுகாட்டில் 1972-இல் வெளிப்பட்ட பொன் நகைகளுக்கு ஏறத்தாழ 6,500 வயதுதான்.

ஒரு கதை சொல்கிறேன். 1813. நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்யா என்னும் ஜெர்மானிய அரசு எழுகிறது. போருக்குப் பணம் வேண்டும். ‘உங்கள் பொன்னைத் தாருங்கள்’ என்று இளவரசி மரியான் நாட்டுப் பெண்களை வேண்டுகிறார். சங்கிலிகள் கழன்றன. காதணிகள் கழன்றன. தாய்மார்களே, திருமண மோதிரமும் கழன்றது! பதிலுக்கு என்ன கிடைத்தது? இரும்பு மோதிரம். ‘இரும்புக்காகப் பொன் தந்தேன்’ என்று அதில் பொறித்திருந்தார்கள். பொன் வைக்கிற இடத்தில் இரும்பை வைத்தார்கள். அந்த இரும்பை அணிவது பெருமை ஆயிற்று. பெர்லின் வார்ப்பாலைகள் இரும்பையே பூப்பின்னல் போல வார்த்த நகைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தப் பெண்கள் கொடுத்த பொன் நகைகள் எங்கே? போர்ச்செலவில் கரைந்தன. இரும்பு தங்கியது, பொன் போயிற்று.

என் மனத்தை வாட்டுவது இதுதான். 1,064 பாகை செல்சியஸில் பொன் உருகிவிடும். உருகிய பின்னும் விலை போகும். அதனால்தான் பழைய நகைகள் தப்புவதில்லை. இன்றைய ஈராக்கில் இருந்த ‘ஊர்’ என்னும் சுமேரிய நகரத்து அரசி புவாபியின் பொன்னிலைத் தலையணி சுமார் 4,500 ஆண்டு கடந்து நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அது மண்ணுக்குள் கிடந்ததே. உருக்கும்போது எடையில் சேதாரம் பார்க்கிறோம். வேலைப்பாட்டில் போகும் சேதாரத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்?

உருக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரவர் தேவை அவரவருக்கு. உருக்கும் முன் ஒரு படம் எடுங்கள். யார் அணிந்தது, யார் செய்தது, எத்தனை கிராம் என்று நான்கு வரி எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. கைப்பேசிப் படமே போதும். நகையின் பின்பக்கத்தையும் எடுக்க மறவாதீர்கள். பற்றவைத்த இடமும் கொக்கி வளைந்த விதமும் அங்கேதான் தெரியும்.