ராம் ஏன் வாய் திறக்கவில்லை?

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து நின்று மைக் கட்டிய தம்பிகளே, தாய்மார்களே, அனைவருக்கும் மாலை வணக்கம். ஐயா எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்.

'96' படத்தில் வரும் பள்ளிக்கூடக் காதலை நம்ப முடிகிறதா என்பதுதான் தலைப்பு. நடிப்பு, இசை, ராமும் ஜானுவும் பிரிந்திருந்த 22 வருடம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

முதலில் நடிப்பு. பிரேம்குமார் இயக்கி 2018இல் வந்த படம். தஞ்சாவூரில் பத்தாவது படிக்கும் ராமாக ஆதித்யா பாஸ்கர், ஜானுவாக கௌரி கிஷன். ஜானு அவன் நெஞ்சில் கை வைக்கிறாள், ராம் மயங்கி விழுகிறான். "இப்படி யாராவது விழுவாங்களா மாமா?" என்று என் தங்கை மகன் கேட்டான். விழுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடும்.

என் கதையையே சொல்கிறேன். பத்தாவது அரையாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. கவராயத்தை எடுத்தால் திருகு கழன்று கையோடு வந்துவிட்டது. பக்கத்து வரிசைப் பெண் தன்னுடையதை நீட்டினாள். பென்சில் ஆடாமலிருக்கச் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள். நான் வட்டம் போட்டு நிமிர்வதற்குள் அவள் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே? எங்கள் பள்ளியில் பையன்கள் பெண்கள் பக்கம் போனால் முட்டி போட வேண்டும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன், அவளோடு நாலு பேர் வந்தார்கள். பிள்ளையார் கோயிலில் நின்றேன், அவள் அம்மாவும் வந்தார். அவள் தம்பியைக் கூப்பிட்டேன். "என்னண்ணே?" என்றான், ஓடியே வந்துவிட்டேன். கவராயத்தின் முள் குத்திக் குத்திச் சட்டைப் பையில் ஓட்டை விழுந்தது. அதைத் தைக்கும்போது அம்மா அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காய்! பொதுத்தேர்வு முடிந்ததும் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. "இந்தா" என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் போதவில்லை.

அதனால்தான் ராமை நான் முழுசாக நம்புகிறேன். ஜானு முன்னால் அவன் தடுமாறுவது பேசிப் பழகவிடாமல் வளர்த்த எல்லாப் பையன்களின் தடுமாற்றம். நம் ஊர்ப் பள்ளியில் இன்றைக்கும் பையனும் பெண்ணும் பேசினால் பெற்றோரை அழைத்து வரச் சொல்கிறார்கள். பூசணிக்காய் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது, நாம் சோற்றை அள்ளி அள்ளி மூடுகிறோம். ஆய்வகத்தில் இருபாலரும் ஒரே மேசையில் நிற்கட்டும், நோட்டு கேட்கட்டும், சண்டையும் போடட்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்கிறோம்.

கோவிந்த் வசந்தாவின் இசையைப் பற்றியும் அந்த 22 வருடத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஆனால் செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி. இந்தத் தீர்மானத்தைக் கேட்கும் மனு வாசல் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.