எலும்பும் தூளும்: இங்கிலாந்தின் போன் சைனா

நேயர்களுக்கு வணக்கம். பழைய இங்கிலாந்துக் கோப்பை ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பின்னால் வைத்த விரல் நிழலாகத் தெரிந்தால், எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானான போன் சைனாவாக இருக்கலாம். அப்புறம் கவிழ்த்து முத்திரை தேடுவார்கள். 'இங்கிலாந்து' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. பொருள் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டும் என அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டதன் விளைவு அது.

இந்தப் பீங்கானில் ஏறக்குறையப் பாதி, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். மிச்சம் கார்ன்வாலின் வெள்ளைக் களிமண்ணும் கல்லும். லண்டனுக்குக் கிழக்கே 'போ' என்ற ஆலையில் தாமஸ் ஃப்ரை 1740களிலேயே சாம்பலைக் கலந்துவிட்டார். ஆனால் பேர் வாங்கியது ஸ்டோக் நகரத்து ஸ்போட் குடும்பம். அப்பா, மகன் இருவருக்குமே ஜோசையா ஸ்போட் என்று பெயர்; 1800 வாக்கில் இதை நல்ல வியாபாரமாக்கியவர் மகன்.

நேரமும் கூடிவந்தது. தேயிலை வரி 1784இல் நூறு சதவீதத்துக்கு மேலிருந்து பன்னிரண்டரைக்கு இறங்கியது; தேநீர் குடிப்பது பெருகி, கோப்பைகளுக்குத் தேவையும் கூடியது. சீனப் பீங்கானை மொத்தமாகத் தருவிப்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1791இல் நிறுத்தியது. மின்டன், கோல்போர்ட் போன்ற பீங்கான் ஆலைகளெல்லாம் போன் சைனாத் தொழிலுக்குள் வந்தன. வெட்ஜ்வுட் 1812இல் தொடங்கி, பத்தே வருடத்தில் விட்டுவிட்டு, 1878இல்தான் திரும்ப வந்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது சூளைக்குள் நடந்தது. முதல் சூட்டிலேயே வெப்பம் 1,200 டிகிரியைத் தாண்டும். மண் இளகித் தொய்யும். சாஸர்களும் தட்டுகளும் கோணாமல் இருக்க அவற்றைச் சக்கிமுக்கிக் கல் தூளில் புதைத்துச் சுட்டார்கள். வெந்து வந்ததும் ஒட்டிய தூளைத் தேய்த்துத் தட்ட வேண்டும். அது பெரும்பாலும் பெண்கள் வேலை. நாள் முழுக்க அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் இறுகியது; சிலிக்கோசிஸ். ராயல் உஸ்டர் என்ற பீங்கான் ஆலையில் பழங்கள் வரைந்த ஓவியர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அந்தக் கையெழுத்துக்கு இன்றும் தனி விலை. தூள் தட்டிய பெண்களில் ஒருவர் பெயர்கூட எந்த முத்திரையிலும் கிடையாது. ஆபத்து குறைந்த அலுமினாத் தூளுக்குச் சில ஆலைகள் தாமாகவே மாறின. மற்றவர்களையும் மாற வைக்க 1947இல் அரசு விதி வந்து, சக்கிமுக்கித் தூளைத் தடை செய்ய வேண்டியிருந்தது.