பழைய ஜீப் வாங்கும் முன் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு ஜவ்வாது மலை, ஏலகிரி என்று சுற்றிவர ஒரு பழைய ஜீப் வாங்கலாமா என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் நிறைய. கேட்பவர் பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளை. கையில் போன் இருக்கும், போனில் பளபளவென்று ஒரு ஜீப்பின் படம் இருக்கும். நான் படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, "பின்னாடி யார் யார் உட்காரப் போறாங்க?" என்று கேட்பேன். மனுஷர் விழிப்பார். ஓட்டப் போவது யார் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் யோசித்திருக்க மாட்டார்.

என் அப்பா ராணிப்பேட்டையில் பட்டறை வைத்திருந்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் ஆரம்பித்து கிளட்ச் பிளேட் மாற்றுவது வரை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் பயணம் என்று கிளம்பினால் எனக்குக் கிடைத்தது எப்போதும் பின் சீட்டுதான். அப்பா ஓட்டுவார், பக்கத்தில் பெரியப்பா. பின்னால் அம்மா, பாட்டி, பிள்ளைகள் நாங்கள், புளியோதரை டப்பா. அதனால் பழைய ஜீப்பை அடியில் படுத்தும் பார்த்திருக்கிறேன், பின்னால் குலுங்கியும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பின் சீட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின் சக்கரத்துக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெஞ்சு. எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். பிரேக் அடித்தால் மொத்தப் பேரும் டிரைவர் முதுகுப் பக்கம் சரிவோம். பெல்ட் கிடையாது. மேலே டார்ப்பாலின். முன்னால் இருப்பவருக்குக் காற்று, பின்னால் இருப்பவருக்குப் புழுதி. பத்து வயதில் எனக்கு இது சொர்க்கமாக இருந்தது. பாட்டியைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். பாட்டியை யாரும் கேட்கவில்லை.

சரி, நம் வேலூர்ப் பக்கம் விலைக்கு வருகிற வண்டிகள் எவை? 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்துக் கொடுக்கத் தொடங்கியவர்கள் மகிந்திரா. அந்த வழியில் வந்ததுதான் பானட் உயரமாக நிற்கும் சி.ஜே. 3பி. 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அறுபதில் போனால் சந்தோஷமாகப் போகும், எண்பதில் விரட்டினால் முனகும். அதற்குப் பிறகு எம்.எம். 540, 550. பெஜோ என்ற பிரெஞ்சு கம்பெனி வழி வந்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின், சத்தம் அதிகம், ஆயுளும் அதிகம். 1985 கடைசியில் வந்தது மாருதி ஜிப்ஸி. முதலில் 970 சி.சி., 1996-ல் ஜிப்ஸி கிங்கில் 1,298 சி.சி. மலை ஏறுவதில் கெட்டிக்காரன். ஆனால் எடை குறைவு, பட்டை ஸ்பிரிங்கோ விறைப்பு, பின்னால் இருப்பவர் இடுப்பை ஒரு வழி பண்ணிவிடும்.

அப்புறம் ஜோங்கா. நிசான் பேட்ரோல் என்ற ஜப்பான் வண்டியின் மாதிரியில் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்தது. ஏறக்குறைய நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை இருக்கிறதே, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர், அங்கே ஜோங்கா பேச்சை எடுத்தால் மாலை வரை எழுந்து வர முடியாது. லடாக்கில் ஓட்டிய கதை, சிக்கிமில் ஓட்டிய கதை. "அப்போ பெட்ரோல் சர்க்கார் போட்டுதும்மா" என்று கடைசியில் சிரிப்பார்கள். குடும்பத்துக்கு அது ஆகாது.

இதையெல்லாம் நானே கூடப் போய்ப் பார்த்த ஒரு விவகாரத்தை வைத்துச் சொன்னால் உங்களுக்கு நன்றாகப் புரியும். காட்பாடிப் பக்கம் ஒரு குடும்பம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பிள்ளைகள், கணவருடைய அம்மா. ஆரணி ரோட்டில் ஒரு மாந்தோப்பில் ஜீப் நிற்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அம்மாவும் வந்தால் வருகிறேன் என்றேன். வண்டி பார்க்க அம்மா எதுக்கு என்று அவருக்கு ஆச்சரியம்.

வண்டி ஆலிவ் பச்சை நிறம், புது பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை. "மிலிட்டரி வண்டி மேடம், ஒரு கர்னல் வச்சிருந்தது" என்றார் புரோக்கர். கர்னல் எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நேயர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி அந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும். நாம் அடிக்கக் கூடாது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது மறுபடி பெயிண்ட் செலவு.

நான் குனிவதற்குள் அம்மாவை ஏறச் சொன்னேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை வைத்தார், எட்டவில்லை. புரோக்கர் ஓடிப்போய் ஒரு ஹாலோ பிளாக் கல்லைக் கொண்டுவந்து போட்டார். அம்மா கல்லைப் பார்த்தார். "ஜவ்வாது மலைக்கு இந்தக் கல்லை யாரு தம்பி தூக்கிட்டு வருவா?" என்றார். எப்படியோ ஏறி உட்கார்ந்தார். அடுத்த கேள்வி: "எதைப் பிடிச்சுக்கிறது?" கூரையைத் தாங்கும் பைப்பைக் காட்டினார்கள். அம்மா பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். பைப் மொத்தமும் சேர்ந்து ஆடியது. அடியில் போல்ட்டுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. என்னைக் கேட்டால் அந்த வண்டியின் சோதனை அங்கேயே முடிந்தது. இருந்தாலும் வந்தது வந்தோம் என்று நானும் என் வேலையைப் பார்த்தேன்.

என் கைப்பையில் ஒரு காந்தம் எப்போதும் இருக்கும், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. அதை மட்கார்டு மேல் வைத்து மெதுவாக நகர்த்தினேன். நல்ல தகரம் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டே வந்தது. விளக்குக்குப் பின்னால் வந்ததும் பிடி தளர்ந்து பொத்தென்று விழுந்தது. அங்கே தகரமே இல்லை, கனமாகப் பட்டி பூசித் தேய்த்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். அப்புறம் அடியில் போய் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே போனேன். கெட்டி இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் மொத்தையாகக் கேட்கும். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. தகரம் போனால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். சேஸிஸ் போனால் வண்டி போனது. அதன் மேல்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியில் ஆர்.சி. புக். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று எழுதியிருக்கிறது. பானட்டைத் திறந்தால் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தில் பெயிண்ட் அப்பியிருந்தது. தின்னர் வைத்துத் துடைத்துப் பார்த்தால் கடைசி எண்கள் புத்தகத்தோடு சேரவில்லை. "அதெல்லாம் நம்ம ஆளு பார்த்துக்குவார்" என்றார் புரோக்கர். நாங்கள் கிளம்பிவிட்டோம். கண்ணமங்கலத்தில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற வரை மகன் வாய் திறக்கவில்லை. அம்மாதான், "நல்லாத்தான் இருந்துச்சு, பச்சையா" என்றார்.

இன்ஜின் மாற்றிய ஜீப் நம் ஊரில் ஏராளம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதி வாங்கி மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் இல்லாத இன்ஜினோடு நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார். பெஞ்சை எடுத்துவிட்டு முன்னோக்கிய சீட்டு போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் இதே கதைதான், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள்.

காகிதத்தில் இன்னும் இரண்டு விஷயம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன் பிறகு எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் தோப்பில் நின்ற வண்டி மலிவாகத்தான் வரும். மிச்சத்தை நீங்கள் கட்டுவீர்கள். வேலூருக்குச் சித்தூரும் பக்கம், பெங்களூரும் பக்கம், அதனால் ஆந்திர நம்பர், கர்நாடக நம்பர் வண்டிகள் நிறைய வருகின்றன. அந்த ஊர் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே பதிவு செய்தாக வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்றால் ஏலக் காகிதத்தின் அசல் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது.

விண்டேஜ் என்று பதிவு பண்ணிக்கொள்ளலாமாமே என்று சில பேர் சந்தோஷமாக வருவார்கள். 2021-ல் அந்த விதி வந்தது உண்மை. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் கொடுக்கிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம். பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் போக அதில் இடமில்லை. குடும்பத்துக்கு வேண்டுமென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்பாடிக் குடும்பம் கடைசியில் வாங்கியது ஒரு அர்மடா. 1993-ல் வந்த மாடல், மகிந்திராதான். ஜீப் முகம், தகரக் கூரை, கதவு, முன்னோக்கிய நடு சீட்டு. அம்மா ஏறுவதற்குப் பக்கத்தில் படி. 4x4, அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வசதி, இல்லையே என்று மகனுக்குக் கொஞ்சம் குறை. நான் கேட்டேன், எங்கே போகப் போகிறீர்கள்? காவலூர் வானாய்வகத்துக்குத் தார் ரோடு. அமிர்திக்குத் தார் ரோடு. ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு புலவர் பெயரும் வள்ளல் பெயரும் எழுதிய நல்ல ரோடு. மழைக்காலத்தில் பீஞ்சமந்தை பக்கம் மலைக் கிராமங்களுக்கு மண் பாதையில் ஏறுகிறவருக்கு 4x4 வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை டூர் போகிற குடும்பத்துக்கு உயரமும் நல்ல பிரேக்கும் போதும். நான் இதைச் சொன்னால் ஜீப் பிரியர்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

4x4 தான் வேண்டும் என்றால் கூட ஆடுகிற லீவரைப் பார்த்து நம்பாதீர்கள். முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு லீவரை மட்டும் விட்டு வைத்திருப்பார்கள். குனிந்து பாருங்கள். அப்புறம் உழுத நிலத்தில் 4x4 போட்டு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், கடகடவென்று சத்தம் வந்தால் முன் ஆக்ஸிலில் வேலை இருக்கிறது. வாங்கிய பிறகும் அதைத் தார் ரோட்டில் போடாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் போகும் தூரம் வேறு, பின் சக்கரங்கள் போகும் தூரம் வேறு. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது, பல்சக்கரம்தான் முறுக்கிக்கொண்டு உடையும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நம் ஊர் வெயிலைப் போல வசதி வேறு எங்கும் இல்லை. விற்பவர் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார். மதியம் ஒரு மணிக்கு வருகிறேன், நான் வருகிற வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லுங்கள். போனதும் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். வெயிலில் நின்றால் தகரம் எப்படியும் சுடும், திறந்து இன்ஜினையே தொட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால் காலையிலேயே தள்ளி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். நீலமாக விடாமல் வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. பிறகு வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் இரண்டு சுற்று. ரேடியேட்டர் தாங்கினால் மலையும் தாங்கும். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும். முழு நேரமும் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்கட்டும். திரும்பி வந்ததும் அவரைக் கேளுங்கள்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சாமான் கிடைப்பது பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: 540-க்கு இன்னும் கிடைக்கிறது, ஜிப்ஸிக்கும் கிடைக்கிறது, ஜோங்காவுக்கு ஒவ்வொரு சாமானுக்கும் காயலான் கடையும் லேத் பட்டறையும்தான். இன்சூரன்ஸ், மூன்றாம் நபர் காப்பீடாவது இல்லாமல் வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குக்கூட ஓட்டி வராதீர்கள்.

பிரேக் பற்றி ஒன்றே ஒன்று. இந்த வண்டிகளில் பலவற்றுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏலகிரியிலிருந்து பொன்னேரிக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் பாதி வளைவில் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். தீய்ந்த வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். வணக்கம்.